தெளிந்த நீரும் குடிநீரும்

கொல்லிமலையில் ஊராட்சிகள் இன்றும் நாடுகள் என்றே வழங்கப்படுகின்றன. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று அடுக்கிக்கொண்டு போகும் பதினான்கு நாடுகளுள் பெரக்கரை நாடும் ஒன்று. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில், பள்ளங்களில் நெல்லும், சரிவுகளில் மரவள்ளியும், மர நிழலில் காப்பியும் மிளகுமாக விளங்கும் அம்மலையின் ஓடை ஒன்றிலிருந்து ஒரு குவளை நீர் மொண்டு வைப்போம். கீழே, நாமக்கல் சமவெளியில், நூற்றுக்கணக்கான அடி ஆழத்திலிருந்து மோட்டார் இறைக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் ஒரு குவளை கொணர்ந்து பக்கத்தில் வைப்போம். இரண்டும் பளிங்குபோல் தெளிந்தே இருக்கும். எதைக் குடிக்கலாம், எதை வயலுக்குப் பாய்ச்சலாம் என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் சற்றும் தயங்காமல் ஓடை நீரைக் குடிப்பதற்கும், கிணற்று நீரைப் பயிருக்கும் ஒதுக்கிவிடுவோம். பரிசோதனைச் சாலையின் தீர்ப்போ பல வேளைகளில் இதற்கு நேர்மாறாக அமைவதுண்டு. காய்ச்சாமல் குடித்தால் வயிற்றைக் கெடுக்கக்கூடியது ஓடை நீர். பாய்ச்சப் பாய்ச்ச நிலத்தைக் கெடுக்கக்கூடியது கிணற்று நீர்.

கண் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டாமைக்குக் காரணம் எளிது. நீரில் கரைந்துவிட்ட உப்புக்கு உருவம் இல்லை. நீரில் மிதக்கும் நுண்ணுயிருக்கு உருவம் உண்டாயினும் அது கண்ணுக்கு எட்டாத உருவம். கண் காண்பது கலங்கல் ஒன்றையே. ஆகவே காணாததை அறிய வேறு வழி தேட வேண்டும். அந்த வழிகளின் தொகுதிக்குத்தான் நீர்ப் பரிசோதனை என்று பெயர்.

உப்பிலிருந்து தொடங்குவோம். சமவெளிக் கிராமங்களில் குடியிருக்கும் எந்தத் தாய்மாரைக் கேட்டாலும், உப்புத் தண்ணியில் துவரம்பருப்பு எளிதில் வேகாது, சோப்பு நுரைக்காது என்று சொல்வார்கள். இது அனுபவத்தில் விளைந்த ரசாயனம். பாறையிலிருந்து கரைந்து வந்த கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பற்றிக்கொண்டு திரிதிரியாகத் திரியச் செய்கின்றன. பருப்பிலே உயிரணுக்களை ஒட்டவைக்கும் பெக்டின் என்ற பசையை இறுக்கி, அது குழையாமல் தடுக்கின்றன. இவ்விரண்டு உலோகங்களாலும் நீருக்கு ஏற்படும் குணத்தைக் கடினத்தன்மை என்கிறோம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் உருவாக்கி வழங்கிவரும் களப் பரிசோதனைப் பெட்டியில் இதை அளக்கும் முறை பார்ப்பதற்கே ரம்மியமானது. சிறு குப்பியில் நீரை எடுத்து ஒரு சாயத்தைச் சேர்த்ததும் அது திராட்சை ரசத்தின் செந்நிறத்தை அடைகிறது. பிறகு இ.டி.டி.ஏ. என்னும் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கிக்கொண்டே போனால், அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் சாயத்திடமிருந்து ஒவ்வொன்றாகப் பறித்துக்கொள்ள, கடைசி அணுவும் பறிபோன கணத்தில் செந்நிறம் மாறி நீலம் பிறக்கிறது. அதுவரை விழுந்த சொட்டுகளின் எண்ணிக்கையே கடினத்தன்மையின் அளவு. லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது 2012இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்குத் திருத்தி வெளியிட்ட ஐ.எஸ். 10500 என்னும் தரவிதி.

கரைந்துள்ள உப்பு எதுவாயினும் மொத்தம் எவ்வளவு என்று ஒரே நொடியில் அறிய, மின்சாரத்தை ஏவிப் பார்ப்பதே சுலபமான உபாயம். கலப்பற்ற நீர் மின்சாரத்தை அநேகமாகக் கடத்துவதில்லை. உப்புகள் கரையும்போது மின்னூட்டம் பெற்ற துகள்களாகப் பிரிந்து மின்சாரத்தைச் சுமந்து செல்கின்றன. பேனா அளவேயான ஒரு கருவியின் முனையை நீரில் தோய்த்தால், மின்கடத்துதிறன் எனப்படும் இக்குணம் சென்டிமீட்டருக்கு மைக்ரோ சீமென்ஸ் என்ற அலகில் எண்ணாகத் தோன்றும். கடைகளில் டி.டி.எஸ். மீட்டர் என்று விற்பதும் இதே கருவிதான். உள்ளே மின்கடத்துதிறனை அளந்து, அதை ஏறத்தாழ 0.64 போன்ற ஓர் எண்ணால் பெருக்கி, கரைந்த உப்பு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டுகிறது. இந்த மீட்டரைக் காட்டி வீட்டுக்கு வீடு சுத்திகரிப்பு இயந்திரம் விற்பவர்கள், எண் குறைவாக இருந்தால் நீர் சுத்தம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது பாதி உண்மைகூட அன்று. கிருமிக்கு இந்த மீட்டரில் எண்ணே இல்லை. சாக்கடை நீரைச் சிறிது கலந்தாலும் அது காட்டும் எண் அவ்வளவாக மாறாது.

வயலுக்கு வருவோம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து ரிவர்சைடு நகரில் இயங்கிய உப்புத்தன்மை ஆய்வகம் 1954இல் வெளியிட்ட கையேடு ஒன்று, பாசன நீரை மின்கடத்துதிறனால் நான்கு வகுப்புகளாகப் பிரித்தது: 250க்குக் கீழே இருந்தால் எப்பயிருக்கும் பயமில்லை, 750 வரை ஓரளவு வடிகால் இருந்தால் போதும், 2250 வரை உப்பைத் தாங்கும் பயிருக்கே ஆகும், அதற்கு மேல் சாதாரணமாகப் பயன்படாது. எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நம் வேளாண்மைத் துறை ஆய்வகங்களின் அறிக்கைகளில் அவ்வகுப்புகளின் சாயலைக் காணலாம். ஆயினும் உப்பின் மொத்த அளவு மட்டும் நிலத்தின் கதியை நிர்ணயிப்பதில்லை. அந்த உப்பில் சோடியத்தின் பங்கு கால்சியம், மக்னீசியத்தின் பங்கைவிட மிஞ்சிப்போனால், களிமண் துகள்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் கால்சியத்தைச் சோடியம் தள்ளிவிட்டு அவ்விடத்தில் அமர்ந்துகொள்கிறது. பிணைப்பு இழந்த துகள்கள் நனைந்தால் சேறாகி, காய்ந்தால் ஓடாகி, நீர் உள்ளே இறங்க வழியின்றி மண்ணின் துளைகளை அடைத்துவிடுகின்றன. உப்பு மிகுந்த நிலத்தை உவர் என்றும், சோடியம் மிகுந்த நிலத்தைக் களர் என்றும் நம் உழவர்கள் முன்பே பிரித்து அறிந்திருக்கிறார்கள். உவரை நல்ல நீரால் கழுவிப் போக்கலாம். களருக்கு ஜிப்சம் இட்டுக் கால்சியத்தை ஊட்டிய பிறகே கழுவ வேண்டும். நீரில் இந்த அபாயத்தை முன்கூட்டிக் காட்டும் எண்ணைச் சோடிய ஈர்ப்பு விகிதம் என்று சொல்லலாம்.

மலை ஓடையில் இத்தொல்லைகள் ஏன் இல்லை? கொல்லிமலையின் உடல் பெரும்பாலும் சார்னகைட் என்னும் பாறை. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னக் என்பவரின் சமாதிக் கல்லைக் கண்டு ஹாலந்து என்ற நிலவியலாளர் இட்ட பெயர் அது. நம் பரங்கிமலையும் அதே இனத்துப் பாறைதான். எளிதில் கரையாத கடும்பாறை. வானிலிருந்து விழுந்த மழை அதன் மேலும், அதன் வெடிப்புகளின் ஊடேயும் சிறிது காலமே தங்கிவிட்டு ஓடையாகிவிடுவதால், உப்பை வாரிக்கொள்ள அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. அதே பாறையின் அடிநிலத்தில் ஆண்டுக்கணக்கில் தேங்கி, வெயிலின் ஆவியாதலால் சுண்டிய நீரும் வந்து கலக்கப்பெற்றுக் கிடப்பது சமவெளியின் ஆழ்நீர். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் பல்லையும் எலும்பையும் பழுதாக்கும் புளோரைடு கிணற்றில் ஏறுவதும் இவ்வாறே. தரவிதியில் அதற்கு விதித்த எல்லை லிட்டருக்கு 1 மில்லிகிராம், போனால் போகட்டும் என்றாலும் 1.5.

இவ்விடத்தில் ஒரு வேடிக்கையையும் சொல்லிவிட வேண்டும். உப்பு மிகக் குறைந்த நீரும் மண்ணுக்கு முற்றிலும் இணக்கமானது அன்று. மின்கடத்துதிறன் 200க்கும் தாழ்ந்த நீர், மேல்மண்ணில் உள்ள கால்சியத்தையே கழுவிச் சென்று, சோடியம் விளைக்கும் அதே இறுக்கத்தைச் சிறிய அளவில் விளைக்கக்கூடும் என்று உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் பாசன நீர்க் கையேடு எச்சரிக்கிறது. இரும்பு ஆக்சைடு நிறைந்த செம்மண் துகள்களைக் கெட்டியாகப் பிணைத்துவைப்பதால், மலைமேல் இந்த ஆபத்து பெரிதாக உறைப்பதில்லை.

இதுவரை வயலின் பக்கத்து வழக்கு. ஓடை அதில் வென்றுவிட்டது. இனி வயிற்றின் பக்கம்.

காலரா, சீதபேதி, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகிய நோய்களைத் தரும் கிருமிகளை நீரில் நேரே தேடுவதுதானே முறை என்று தோன்றும். 1884இல் ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் கல்கத்தாவில் ஆய்ந்து, காலராவில் இறந்தவர்களின் குடலில் மட்டுமன்றி, மக்கள் குடிக்கவும் குளிக்கவும் பயன்படுத்திய ஒரு குளத்து நீரிலும் அக்கிருமியைக் கண்டறிந்தார். ஆனால் அது கொள்ளைநோய் பரவியிருந்த காலத்து வெற்றி. சாதாரண நாட்களில் நோய்க்கிருமிகள் நீரில் மிகச் சிலவாக, இன்று இருந்து நாளை இல்லாதனவாக, வகையாலும் எண்ணிறந்தனவாக இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியே தேடுவதென்றால் பணமும் காலமும் போதா; தேடிய வகை அகப்படாமையால் தேடாத வகையும் இல்லை என்று ஆகிவிடாது.

ஆகவே விஞ்ஞானிகள் நமது தர்க்க சாஸ்திரிகளின் வழியைப் பின்பற்றினார்கள். அனுமானப் பிரமாணத்துக்கு நியாய நூலார் தரும் பழைய உதாரணம், தூரத்து மலையில் புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டென்று துணிவது. நெருப்பைக் காண முடியாதபோது புகையைத் தேடு என்பதே நீர்ப் பரிசோதனையின் சூத்திரமும் ஆகும். 1885இல் மியூனிக் நகரில் தியோடர் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர், குழந்தைகளின் மலத்தில் ஒரு நுண்ணுயிரைக் கண்டு விவரித்தார். பிற்காலத்தில் அவர் பெயராலேயே வழங்கலான அந்த ஈ.கோலை, மனிதன் முதலாக வெப்ப இரத்தப் பிராணிகள் எல்லாவற்றின் குடலிலும் கோடிக்கணக்கில் வாழ்கிறது. பெரும்பாலும் தீமை செய்வதில்லை. வெளியே நீரில் நெடுநாள் தழைப்பதுமில்லை. ஓர் ஓடையில் அது இருந்தால், அண்மையில் மலம் கலந்திருக்கிறது என்பது பெறப்படும். மலம் கலந்த இடத்தில் நோய்க்கிருமி எப்போது வேண்டுமானாலும் வரலாம். மேலே ஒரு மாட்டுத் தொழுவமோ திறந்தவெளிக் கழிப்பிடமோ இருந்தால், எவ்வளவு தெளிந்த ஓடையிலும் இந்தப் புகையைக் காணலாம்.

ஆய்வகத்தில் இதைக் காணும் விதம் இது. நூறு மில்லிலிட்டர் நீரை, ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறிய துளைகளை உடைய மெல்லிய சவ்வின் வழியே வடிக்கிறார்கள். நுண்ணுயிர்கள் சவ்வின்மேல் தங்கிவிடுகின்றன. அச்சவ்வை ஊட்டக் கூழின்மேல் பரப்பி, 44.5 பாகை வெப்பத்தில் ஒரு நாள் வைக்கிறார்கள். மண்ணில் வாழும் சாமானிய நுண்ணுயிர்களால் அந்த வெப்பத்தில் பெருக முடியாது. குடலின் சூட்டுக்குப் பழகியவையே பெருகி, ஒன்று ஒரு கூட்டமாகி, கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகின்றன. புள்ளிகளை எண்ணிவிட்டால் நீரில் இருந்த உயிர்களை எண்ணியதாகும். குடிநீரில் அந்த எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும் என்பது விதி.

சவ்வும் வெப்பப் பெட்டியும் மலைக்கிராமத்தில் எங்கே கிடைக்கும்? இந்தக் கேள்விக்கு விடை நம் நாட்டிலேயே பிறந்தது. மஞ்சா, மௌர்யா, ராவ் என்னும் இந்திய ஆய்வாளர் மூவர் 1982இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியிட்ட முறை அது. ஊட்டச்சத்தும், கந்தகம் அடங்கிய ஓர் உப்பும், இரும்பு உப்பும் தோய்த்து உலர்த்திய காகிதத் துண்டு ஒன்று சிறு புட்டியில் கிடக்கும். குறியிட்ட கோடுவரை நீரை ஊற்றி மூடி, வெதுவெதுப்பான மூலையில் வைக்க வேண்டும். குடல்வாழ் நுண்ணுயிர்கள் பல, ஈ.கோலை அல்லாத அதன் அயலார்கள், கந்தகத்தைப் பிரித்து அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக விடும். அது இரும்போடு சேர்ந்ததும் புட்டி முழுவதும் மையாகக் கறுத்துப்போகும். கறுத்தது என்றால் காய்ச்சாமல் குடியாதே என்று பொருள், எழுத்தறியாதவரும் படிக்கலாம். மலைமேல் ஓர் எச்சரிக்கை மட்டும் வேண்டும்: மார்கழிக் குளிரில் நுண்ணுயிர்கள் சோம்பிக் கிடப்பதால், ஒரு நாளில் கறுக்கவில்லை என்று நிம்மதி அடையாமல் இரண்டு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

தர்க்க நூலார் அனுமானத்தின் பிழைகளையும் சொல்லாமல் விடவில்லை. பனிமூட்டத்தைப் புகை என்று மயங்குவது ஒரு பிழை. பழுக்கக் காய்ந்த இரும்புக் குண்டில் புகையின்றியே நெருப்பு இருப்பது மற்றொரு சிக்கல். இரண்டும் நீரிலும் உண்டு. மண்ணில் இயல்பாக வாழும் சில நுண்ணுயிர்களும் கந்தக வாயுவை விடுவதால், மலம் படாத நீரிலும் புட்டி கறுக்கலாம். வெப்ப நாடுகளின் ஈர மண்ணில் ஈ.கோலையே குடியேறி வாழ்வதும் பிற்கால ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. இது பனிமூட்டம். மறுபுறம், ஜியார்டியா போன்ற ஒற்றையணுப் பிராணிகளின் உறைமுட்டைகள், ஈ.கோலை மடிந்துபோன பிறகும், குளோரினுக்கும் அஞ்சாமல், குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இது இரும்புக் குண்டு. ஆகவே ஒரு புட்டியின் ஒரு விடையை வேதவாக்காகக் கொள்ளாமல், மேலே என்ன இருக்கிறது என்று ஓடைக்கரையோடு நடந்து பார்ப்பதும் பரிசோதனையின் அங்கமே. என் அபிப்பிராயத்தில் முதல் அங்கமும் அதுதான்.

குடிப்பதற்குப் பூஜ்யம் என்ற இந்த எண்ணிக்கை, பாசனத்துக்கு எவ்வளவு? உலக சுகாதார நிறுவனம் 1989இல் வகுத்த நெறியில், பச்சையாக உண்ணும் காய்களுக்குப் பாய்ச்சும் கழிவுநீரில்கூட நூறு மில்லிலிட்டருக்கு ஆயிரம் மலக் கோலிஃபார்ம் (ஈ.கோலையும் அதைப் போன்ற குடல்வாழ் நுண்ணுயிர்களும்) வரை அனுமதித்தார்கள். நெல்லும் மரவள்ளியும் வெந்த பிறகே வாய்க்கு வருவன; கொத்தமல்லிக்கும் கீரைக்குமே கவனம் வேண்டும். நைட்ரேட்டும் இப்படித்தான்: உரமிட்ட வயலிலிருந்து வழியும் நைட்ரேட் அடுத்த வயலுக்கு ஆகாரம்; லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போனாலோ புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தத்தில் பிராணவாயு ஏற்றும் சக்தியையே குறைத்து உடம்பை நீலம் பாரிக்கச் செய்துவிடும்.

மழைக்காலத்தில் ஓடை செந்நிறமாகக் கலங்கும்போது, தேற்றான்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்து நீரைத் தெளியவைப்பது நம் முன்னோர் கண்ட அரிய உபாயம். அக்கொட்டையின் சத்து, ஒன்றையொன்று விலக்கி மிதக்கும் மண் துகள்களை ஒன்றுசேர்த்துக் கனக்கச் செய்து அடியில் படியவைக்கிறது. படியும் வண்டலோடு கிருமியிலும் ஒரு பங்கு இறங்கிவிடும், எல்லாம் இறங்காது. அதனால் தெளிவித்தல் முதற்படி, கிருமி நீக்கம் இரண்டாம் படி. வரிசையை மாற்றினால், கலங்கல் குளோரினைத் தானே தின்றுவிட்டுக் கிருமிகளுக்கு மறைவிடமும் அளிக்கும்.

நீரை எடுக்கும் முறையில் செய்யும் தவறு எந்தக் கருவியாலும் திருத்தப்பட மாட்டாது என்பதை ஆய்வகத்தார் ஓயாமல் சொல்வார்கள். கிருமிச் சோதனைக்குரிய புட்டி நுண்ணுயிர் நீக்கப்பட்டதாக இருக்க வேண்டும். மூடியின் உட்புறத்தையோ புட்டியின் கழுத்தையோ விரல் தொடலாகாது. ஓடையில் இறங்குபவர் நீர் வரும் திசையை நோக்கி நின்று, தம் கால் கிளப்பிய சேறு பின்னால் போகும்படி செய்து, புட்டியை ஒரு சாண் ஆழத்தில் நீரோட்டத்துக்கு எதிரே வாய்வைத்து நிரப்ப வேண்டும். கிருமிச் சோதனைப் புட்டியில் குலுக்குவதற்குச் சிறிது வெற்றிடம் விட வேண்டும். ரசாயனச் சோதனைப் புட்டியைத் தளும்ப நிரப்ப வேண்டும். பிறகு பனிக்கட்டியில் வைத்து, கூடுமானால் ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்க்க வேண்டும். தாமதித்தால் கிருமிகள் சில மடியும், சில பெருகும், எண்ணிக்கை பொய்யாகும். காரவள்ளி வரை எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி நாமக்கல் போய்ச் சேர வேண்டிய மலைவாசிக்கு அந்த ஆறு மணி நேரம் தாராளமானதன்று. இக்காரணத்தாலேயே களப் பெட்டியும் கறுக்கும் புட்டியும் இங்கே ஆடம்பரமல்ல. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பெட்டியில் பயிற்சி தர வேண்டும் என்று வகுத்திருப்பது மிக நல்ல ஏற்பாடு.

எங்கே, எப்போது எடுப்பது என்பதும் அற்ப விஷயமன்று. குடியிருப்புக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, குடிநீர்க் குழாய் ஓடையில் வாய்வைக்கும் இடத்தில் ஒன்று என மூன்று புட்டிகள் எடுத்தால், அவற்றின் வித்தியாசமே அசுத்தம் நுழையும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். கோடை கழிந்து பெய்யும் முதல் பெருமழைதான் மாதக்கணக்கில் சரிவில் சேர்ந்த சாணத்தையும் மலத்தையும் ஒருசேர ஓடைக்குள் வாரிவிடுவது. அன்று எடுக்காமல் தைமாதத் தெளிவில் எடுத்த நீர் நற்சான்று வாங்கிவிடும்.

காப்பிக்கும் மிளகுக்கும் அடிக்கும் பூச்சிமருந்தைக் களப் பெட்டி எதுவும் காட்டாது. அதற்கு நகரத்துப் பெரிய கருவிகளே வேண்டும். தெளிப்பான் டப்பாவை ஓடையில் கழுவாமலிருப்பது ஒன்றே மலிவான பரிகாரம். கருவி இல்லாத இடத்திலும் வேறு சாட்சிகள் உண்டு. ஓடைக் கற்களைப் புரட்டிப் பார்த்தால் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு புழுப் பருவங்கள், வால்போல் மூன்று இழைகள் நீண்ட ஒருநாட்பூச்சியின் குஞ்சு, மணலையும் சருகையும் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும் கூட்டுப்பூச்சியின் குஞ்சு ஆகியவை, மாதக்கணக்கில் அதே நீரில் வாழ்பவை. புட்டி அந்த நேரத்து நீரை மட்டும் சொல்லும். இவை கடந்த பருவம் முழுவதையும் சொல்லும். இவை திடீரென்று காணாமற்போன ஓடையில், மேலே யாரோ எதையோ கொட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்க இடம் உண்டு.

பெரக்கரை நாட்டிலும் மற்ற மலைநாடுகளிலும் ஓடையை நம்பி வாழ்வோர், பச்சையாக உண்பன நீங்கலாக, அந்நீரைப் பயிருக்கு அச்சமின்றிப் பாய்ச்சலாம். குடிப்பதற்கானால், புட்டி கறுத்தாலும் கறுக்காவிட்டாலும் காய்ச்சியே குடியுங்கள். ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் நீர் 100 பாகையை எட்டாமல் 96, 97 பாகையிலேயே கொதித்துவிடும். அது போதாதோ என்ற ஐயம் வேண்டாம். 70 பாகையைத் தாண்டிய வெப்பத்திலேயே நோய்க்கிருமிகள் ஒரு நிமிஷத்துக்குள் அநேகமாக அனைத்தும் மடிந்துவிடுகின்றன. தளதளவென்று ஒரு நிமிஷம் கொதித்தபின், வேறு குடத்துக்கு மாற்றாமல், காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி ஆறவையுங்கள்.